பூகோளம்: பெயரிலேயே விடை உள்ள பாடம்

அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் பள்ளியில் என்னென்ன படித்தீர்கள் என்று கேளுங்கள். 'சரித்திரம், பூகோளம்' என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அவை வரலாறு, புவியியல். வடமொழியை விலக்கித் தமிழாக்கும் ஆர்வத்தில் வந்த மாற்றம் இது. இத்தனைக்கும் 'புவி'யும் வடமொழி வழி வந்ததுதான். மாறிய வேகத்தில் ஒரு செய்தி கழன்று விழுந்துவிட்டது. பூ என்றால் பூமி. கோளம் என்றால் உருண்டை. பூமியின் வடிவம் என்ன என்ற கேள்விக்கு, பாடத்தின் பெயரே விடை சொல்லிக்கொண்டிருந்தது.

வடமொழியில் 'கோல' என்றால் பந்து, உருண்டை. பிள்ளைகள் விளையாடும் கோலிக்குண்டின் 'கோலி'யும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான், இந்துஸ்தானி வழியாக வந்தது. கிரகத்தைக் குறிக்கும் 'கோள்' வேறு. அது 'கொள்' என்ற வினையடியில் பிறந்த தமிழ்ச் சொல். ஒலி ஒத்திருப்பதால் இரண்டையும் ஒன்றாக்கிக் கட்டுரை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியல்ல.

பூகோளத்துக்கு ஒரு போட்டிச் சொல் உண்டு: பூமண்டலம். இன்று இரண்டையும் ஒரே பொருளில் புழங்குகிறோம். ஆனால் மண்டலம் என்பது வட்டம், உருண்டை ஆகாது. நடுவில் மேரு மலை, அதைச் சுற்றி நாவலந்தீவு, அதைச் சூழ்ந்து உப்பு, கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், நன்னீர் என ஏழு கடல்கள், இடையிடையே தீவுகள். புராணங்கள் காட்டும் இந்த உலகம் பரந்து விரிந்த தட்டு. அதன் அளவு ஐம்பது கோடி யோசனை (யோசனை என்பது பழைய தொலைவு அளவு). சித்தாந்தம் எனப்படும் வானியல் நூல்களின் உலகமோ பந்து. 12ஆம் நூற்றாண்டின் பாஸ்கரர் அதன் சுற்றளவை 4,967 யோசனை என்றார். தட்டையா உருண்டையா என்ற வழக்கு, ஐரோப்பியர் கப்பல் இங்கே வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தது.

அந்த வழக்கின் வாதங்களைப் படிக்கும்போது மனம் நிறைகிறது. கி.பி. 499இல் ஆரியபட்டர் எழுதிய நூலின் கடைசிப் பகுதிக்கே 'கோலபாதம்' என்று பெயர். பூமி உருண்டை என்றால் கீழ்ப்பக்கத்தில் இருப்பவர்கள் விழமாட்டார்களா? அவர் காட்டும் உவமை கடம்பம்பூ. முருகனுக்கு உகந்த அந்தப் பூவைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்: மஞ்சள் பந்து, அதன் எல்லாத் திசையிலும் சிறு பூக்கள் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும். எது மேல், எது கீழ் என்று அதில் சொல்ல முடியாது. அப்படித்தான் பூமியைச் சுற்றிலும் உயிர்கள் என்றார். 8ஆம் நூற்றாண்டின் லல்லர் இன்னும் நேரடியாகக் கேட்டார்: பூமி சமதளம் என்றால், வெகுதூரத்தில் நிற்கும் உயர்ந்த பனை ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை? 1150இல் பாஸ்கரர், கண்ணுக்கு ஏன் தட்டையாகத் தெரிகிறது என்பதற்கும் காரணம் சொன்னார். வட்டத்தின் விளிம்பில் நூறில் ஒரு பங்கை மட்டும் பார்த்தால் அது நேர்கோடாகத்தான் தோன்றும். மனிதன் சிறியவன், பூமி மிகப் பெரிது. இதைவிடத் தெளிவான பதிலை இன்றைய பாடநூலிலும் நான் பார்த்ததில்லை.

பாஸ்கரர் புராணத்தைத் தூக்கி எறியவில்லை. மேருவை வட துருவத்தில் நிறுத்தினார். நாவலந்தீவை வட பாதியில் வைத்து, மற்றத் தீவுகளையும் கடல்களையும் தென் பாதிக்கு அனுப்பினார். ஊரோடு ஒத்துப்போகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் கணக்கில் விட்டுக்கொடுக்கவில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கைச் சுமந்து வந்தவர்கள் பஞ்சாங்கக்காரர்கள். காலசங்கலிதம் என்ற நூலை எழுதிய ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். எழுத்தும் ஏடும் இல்லாமல், தரையில் சோழிகளைப் பரப்பி, நினைவில் இருந்த வாய்பாட்டு வாக்கியங்களைக் கொண்டு 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தை அவர் கணித்துக் காட்டினார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை 4 நிமிடம். நடுவில் 23, முடிவில் 52. கணக்கின் அடிப்படைக் கொள்கை அவருக்குத் தெரியாது என்றும் வாரன் எழுதுகிறார். சந்திர கிரகணம் என்பது பூமியின் நிழல் நிலவின் மேல் விழுவது. எந்தக் கிரகணத்திலும் அந்த நிழலின் விளிம்பு வளைந்தே விழுகிறது. ராகு விழுங்குவதாகச் சொல்லும் அதே பஞ்சாங்கத்தின் வாய்பாடு, உருண்டைப் பூமியின் நிழலை வைத்துக் கட்டப்பட்டது. அறிவு காரணத்தை மறந்து மனப்பாடமாக மட்டும் எஞ்சியிருந்த காலம் அது என்று நினைக்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் மேலைப் பூகோளம் பள்ளிக்கூடத்துக்குள் வந்தது. தஞ்சை சரபோஜி மன்னர் உலக நாடுகளின் வருணனையையே பொருளாக வைத்து, மராத்தியில் தேவேந்திரக் குறவஞ்சி இயற்றினார். மலைவளம் பாடும் குறத்தி கண்டங்களைப் பாடினாள். 1832இல் மிஷனரி இரேனியஸ் 'பூமி சாஸ்திரம்' என்ற பூகோள நூலை வெளியிட்டார். யாழ்ப்பாணத்தில், வட்டுக்கோட்டைச் செமினரியின் அமெரிக்க மிஷனரிகள் புராண பூமியை மறுக்க நம் சித்தாந்த நூல்களையே கையில் எடுத்தார்கள். அவர்களில் ஒருவரான ஹொய்சிங்டன் 1848இல் ஒரு தமிழ் வானியல் நூலை ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். அவர்கள் நோக்கம் மதமாற்றம். ஆயினும் உருண்டைப் பூமி அவர்கள் கொண்டுவந்த சரக்கு அன்று; அது இங்கேயே இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'ஞாலம்' என்ற சொல்லின் வேர் ஞால், அதாவது தொங்கு. ஆகவே பூமி வெளியில் தொங்கும் உருண்டை என்று பழந்தமிழர் அறிந்திருந்தார்கள் என்று மேடைகளில் கேட்கிறோம். ஊஞ்சல் பலகையும் தொங்குகிறது, அது தட்டைதான். வேர்ச்சொல் ஒன்றை மட்டும் வைத்து வானியல் நிறுவ முடியாது. பூகோளம் சான்றாக நிற்பதற்குக் காரணம், அதன் பின்னால் பனைமரமும் கடம்பம்பூவும் வட்டத்தின் நூறில் ஒரு பங்கும் வாதங்களாக நிற்பதுதான்.

கோளம் என்ற சொல்லும் முழுக்கச் சரியில்லை; பூமி துல்லியமான உருண்டை அன்று. 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே நில அளவையாளர் லாம்டன் தொடங்கிய அளவைப் பணியின் ஒரு நோக்கம், பூமியின் வளைவை அளந்து அதன் உண்மை வடிவத்தைக் காண்பது. நடுக்கோட்டில் விட்டம் 12,756 கிலோமீட்டர், துருவங்களுக்கு இடையே 12,714. வேறுபாடு 42 கிலோமீட்டர்தான்.

இலங்கைத் தமிழில் இந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே செய்தித்தாளில் 'பூகோள அரசியல்', 'பூகோள வெப்பமடைதல்' என்று எழுதுகிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் புவியியல் இருக்கட்டும், அதை மாற்றச் சொல்லவில்லை. வகுப்பில் உலக உருண்டையை மேசைமேல் வைக்கும் ஆசிரியர்கள், அதற்குப் பூகோளம் என்று ஒரு பழைய பெயர் உண்டு என்பதையும், லல்லர் கேட்ட பனைமரக் கேள்வியையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். விடையை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.