கழுத்து அசைவு வீச்சு அளவீடு

கழுத்து அசைவு வீச்சு அளவீடு என்பது, ஒருவரால் தலையை எந்தத் திசையில் எவ்வளவு அசைக்க முடிகிறது என்பதைப் பாகைக் கணக்கில் அறியும் மருத்துவப் பரிசோதனை. கழுத்துவலியின் பாதிப்பை மதிப்பிடவும், சிகிச்சையால் முன்னேற்றம் உண்டா என்று பார்க்கவும் எலும்பு மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்ட்டுகளும் இதைச் செய்கின்றனர்.

அசைவுகள்

முன்குனிதல், பின்சாய்தல், இருபக்கமும் சாய்தல், இருபக்கமும் திரும்புதல் என ஆறு அசைவுகள் அளக்கப்படுகின்றன. கழுத்தில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. தலையைத் திருப்பும் வீச்சில் ஏறத்தாழப் பாதியை முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையிலான மூட்டே தருகிறது. நோயாளி தானாக அசைப்பதும், மருத்துவர் பிடித்து அசைப்பதும் தனித்தனியே அளக்கப்படுகின்றன. இரண்டாவது பொதுவாகச் சற்று அதிகமாக இருக்கும்.

கருவிகள்

மோவாய்க்கும் மார்பெலும்பின் மேல்விளிம்புக்கும் இடையிலான தூரத்தை டேப்பால் அளப்பது மிக எளிய முறை. கோணமானியும் புவியீர்ப்பால் இயங்கும் சாய்வுமானியும் பரவலாகப் பயன்படுகின்றன. ‘சி.ஆர்.ஓ.எம்.’ கருவி மூக்குக் கண்ணாடிபோல் தலையில் மாட்டப்படுகிறது. அதிலுள்ள இரண்டு சாய்வுமானிகள் குனிதலையும் சாய்தலையும், காந்த ஊசி கொண்ட மூன்றாவது மானி திரும்புதலையும் காட்டுகின்றன. ஆய்வுக்கூடங்களில் மின்காந்த உணரிகளும் கேமராக்களும் பயன்படுகின்றன. ஸ்மார்ட்போனின் உணரிகளைக் கொண்டும் அளக்கலாம். ஒவ்வொரு முள்ளெலும்பும் தனித்தனியே எவ்வளவு நகர்கிறது என்பதை அறிய எக்ஸ்-ரே போன்ற படங்கள் வேண்டும்.

அளக்கும் முறை

நோயாளி முதுகைச் சாய்த்து, இரு பாதங்களும் தரையில் படும்படி நாற்காலியில் அமர்கிறார். தோள் உயர்ந்தாலோ உடல் திரும்பினாலோ கணக்கு தவறிவிடும். சிலமுறை அசைத்துப் பழகிய பிறகு, பலமுறை அளந்து சராசரி எடுப்பது நல்லது. தொடக்க நிலையில் தலை சற்றுக் குனிந்திருந்தால் முன்குனிதல் குறைவாகவும் பின்சாய்தல் கூடுதலாகவும் பதிவாகும். இதைத் தவிர்க்க இரண்டையும் கூட்டி மொத்த வீச்சாகவும் குறிக்கிறார்கள்.

நலமானவர்களின் அளவுகள்

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குறைபாட்டு மதிப்பீட்டு வழிகாட்டி முன்குனிதலுக்கு 50, பின்சாய்தலுக்கு 60, பக்கச் சாய்வுக்கு 45, ஒருபக்கம் திரும்புவதற்கு 80 பாகை என இயல்பளவு தருகிறது. ஆனால் வயது ஏற ஏற வீச்சு குறைகிறது. 1992இல் வெளியான யூடாஸ் குழுவினரின் ஆய்வு, 11 முதல் 97 வயது வரையிலான நலமானவர்களை அளந்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை பின்சாய்தல் சுமார் 5 பாகையும் மற்ற அசைவுகள் சுமார் 3 பாகையும் குறைவதாக அது கண்டது. ஆகவே எழுபது வயதினரை இருபது வயதினரின் அளவோடு ஒப்பிடக் கூடாது.

கழுத்துவலி உள்ளவர்களில்

வலி உள்ளவர்களின் சராசரி வீச்சு நலமானவர்களைவிடக் குறைவு. தலையை அவர்கள் மெதுவாகவும் தயங்கியும் திருப்புவதுண்டு. கண்ணை மூடித் தலையைத் திருப்பி, மீண்டும் பழைய நிலைக்குச் சரியாகக் கொண்டுவரும் திறனும் குறைவதை 1991இல் ரெவெல் குழுவினர் எடுத்துக்காட்டினர். கழுத்தை முழுவதும் குனியவைத்துத் திருப்பும் சோதனை மேல்கழுத்து மூட்டைத் தனித்துக் காட்டும். இதில் நலமானவர்கள் ஒவ்வொரு பக்கமும் சுமார் 44 பாகை திரும்புவர். கழுத்திலிருந்து எழும் தலைவலி உள்ளவர்களுக்கு இது வெகுவாகக் குறையும்.

விபத்துக்குப் பின் எக்ஸ்-ரே தேவையா என்பதை முடிவுசெய்ய உதவும் ‘கனடிய கழுத்தெலும்பு விதி’ 2001இல் வெளியானது. ஆபத்துக் காரணிகள் இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்த பின்னரே, நோயாளியால் இருபக்கமும் 45 பாகை திரும்ப முடிகிறதா என்று இவ்விதிப்படி பார்க்க வேண்டும்.

முடிவைப் புரிந்துகொள்ளுதல்

நலமானவர்களின் அளவுகளும் வலி உள்ளவர்களின் அளவுகளும் பெரிதும் ஒன்றோடொன்று மேற்பொருந்துகின்றன. எனவே பாகைக் கணக்கை மட்டும் கொண்டு நோயை உறுதிசெய்யவோ, வலி பொய் என்று தள்ளவோ முடியாது. ஓரிரு பாகை வேறுபாடு அளவீட்டுப் பிழையாகவே இருக்கலாம். ஒரே கருவி, ஒரே இருக்கை நிலை, இயன்றவரை ஒரே மருத்துவர் என்ற ஒழுங்கில் தொடர்ந்து அளக்கும்போதுதான் இந்த எண்கள் நோயாளிக்குப் பயன்படுகின்றன. விபத்தில் அடிபட்டவர்களும், கைகால் மரத்துப்போதல் அல்லது பலவீனம் உள்ளவர்களும் தாமாகக் கழுத்தை அசைத்துப் பார்க்காமல் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.