மில்லரின் கணக்கு

1844-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், அமெரிக்காவின் வடகிழக்கு மாகாணங்களில் சில குடியானவர்கள் விளைந்த உருளைக்கிழங்கைத் தோண்டாமல் மண்ணிலேயே விட்டுவிட்டார்கள். அக்டோபர் 22-ஆம் தேதி கிறிஸ்து மீண்டும் வரப்போகிறார். அதன் பிறகு கிழங்கு யாருக்கு?

இதற்கெல்லாம் மூலபுருஷர் வில்லியம் மில்லர், நியூயார்க் மாகாணத்தில் லோ ஹாம்டன் என்ற ஊரில் வாழ்ந்த விவசாயி. கடவுள் உலகைப் படைத்ததோடு சரி, பிறகு எட்டிப் பார்ப்பதில்லை என்பது இளமையில் அவர் கட்சி. 1812-இல் பிரிட்டனோடு மூண்ட போரில் காப்டனாக இருந்து திரும்பிய பின் மனம் மாறிற்று. உரைகாரர் எவரையும் நாடாமல், வேதாகமத்தையும், எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டும் அகராதியையும் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார்.

தானியேலின் எட்டாம் அதிகாரத்தில் 2300 நாள் கழித்துப் பரிசுத்த ஸ்தலம் சுத்தமாகும் என்று வருகிறது. தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் ஓர் ஆண்டு. இது பண்டிதர்கள் வெகு காலமாய்க் கையாண்ட வழிதான். பரிசுத்த ஸ்தலம் என்றால் பூமி, சுத்திகரிப்பு என்றால் நெருப்பு என்று மில்லர் கொண்டார். பாரசீக மன்னன் அர்தசஷ்டா எருசலேமைப் பற்றிக் கட்டளையிட்ட கி.மு. 457-இலிருந்து எண்ணினார். விடை 1843.

1818-இலேயே விடை கிடைத்தும், 1831 வரை அவர் மேடை ஏறவில்லை. திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தீர்க்கதரிசி என்று பேர் வாங்க வந்தவன் பதின்மூன்று வருஷம் காத்திருப்பானா? பாஸ்டன் நகரத்துப் பாதிரியார் யோசுவா ஹைம்ஸின் கையில் அகப்பட்ட பிறகுதான், 1840 முதல், பத்திரிகையும் படங்களும் பெரிய கூடாரமுமாக விஷயம் ஊரெங்கும் பரவியது.

மில்லர் நாள் குறிக்கவில்லை. 1844 மார்ச் 21-க்குள் என்று மட்டும் சொன்னார். அந்த நாளும் கடந்தது. கி.மு. 1-க்கும் கி.பி. 1-க்கும் நடுவே பூஜ்ய ஆண்டு இல்லையே, ஆகவே முடிவு ஓராண்டு தள்ளும் என்று கணக்கைத் திருத்தினார்கள். ஸாமுவேல் ஸ்னோ என்பவர் யூதர்களின் பாவநிவாரண நாளோடு பொருத்தி, அக்டோபர் 22 என்று நாளையே குறித்துவிட்டார். தயங்கித் தயங்கி, அக்டோபர் பிறந்த பிறகே மில்லர் ஒப்புக்கொண்டார். பழி மட்டும் முழுதும் அவர் தலையில் விழுந்தது.

அன்றிரவு விடியுமட்டும் அழுதோம் என்று ஹைரம் எட்ஸன் எழுதி வைத்திருக்கிறார். தெருவில் போனால், இன்னும் மேலே போகவில்லையா என்று கேலி. மறுநாள் காலை, வயல் வழியே நடந்துபோன எட்ஸனுக்கு ஒரு விளக்கம் உதித்தது: நாள் சரி, பொருள்தான் பிசகு, பரிசுத்த ஸ்தலம் பூமியல்ல, வானத்தில் இருப்பது! இந்த விளக்கத்தைப் பற்றிக்கொண்டவர்களே 1863-இல் ஏழாம் நாள் அட்வெண்டிஸ்ட் சபையாக அமைந்தார்கள். தோண்டாமல் விட்ட கிழங்கு தப்பியது, முன்னால் தோண்டியவர்களின் கிழங்கு அழுகியது என்ற கதையும் அவர்களிடம் உண்டு.

மில்லர் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. கணக்கில் தவறிவிட்டேன் என்று 1845-இல் அச்சிட்டே சொன்னார். எட்ஸனின் சாமர்த்தியத்தைவிட இந்த ஒப்புதலே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவருடைய பாப்டிஸ்ட் சபை அவரை விலக்கியது. தம் நிலத்தருகே சிறிய ஆலயம் ஒன்று கட்டிக்கொண்டார். கண்பார்வை மங்கியது. 1849 டிசம்பரில், வருகை சமீபம் என்ற நம்பிக்கை மாறாமலே இறந்தார்.