ஆக்சிஜன் குறையும் இடத்தில் செல்களின் பிடி: ஒரு மறுபார்வை

ஆக்சிஜன் குறைந்தால் செல்களின் ஒட்டுதல் கூடுமா, குறையுமா? ஆய்விதழ்களில் இரண்டு விடைகளும் கிடைக்கின்றன. இரண்டுக்கும் நம்பத்தக்க சான்றுகள் உண்டு. இந்த முரணுக்குச் சோதனைகளைக் குறை சொல்வதைவிடக் கேள்வியைத் திருத்துவதே முறை என்பது என் வாதம். ஒட்டுதலை ஏறி இறங்கும் ஒற்றை அளவாக எண்ணும்வரை முரண் தீராது. ஆக்சிஜன் குறைவு ஒரு பிடியைத் தளர்த்தும்போதே இன்னொன்றை இறுக்குகிறது.

புற்றுக்கட்டிக்குள் ஆக்சிஜன் எட்டாத பகுதிகள் உண்டு என்பதை 1955இல் தாம்லின்சனும் கிரேயும் நுரையீரல் புற்றின் திசுச் சீவல்களிலிருந்து காட்டினார்கள். ரத்தக்குழாயிலிருந்து 100 முதல் 200 மைக்ரோமீட்டர் தொலைவைத் தாண்டினால் செல்கள் மூச்சுத் திணறுகின்றன. பின்னாளைய நேரடி அளவீடுகளில், இயல்பான மார்பகத் திசுவில் ஆக்சிஜன் அழுத்தம் 65 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்க, மார்பகப் புற்றில் அது 10 அளவுக்கு இறங்கியிருந்தது. இந்த நிலையில் சிதையாமல் தங்கும் எச்.ஐ.எஃப்-1 என்ற புரதம் நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்குகிறது. செல்கள் ஆக்சிஜனை உணரும் இந்த வழியைக் கண்டறிந்ததற்காகவே செமென்சா, ராட்கிளிஃப், கேலின் மூவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றனர்.

முதலில் வெள்ளணுக்கள். எலிகளை 10 விழுக்காடு ஆக்சிஜன் உள்ள காற்றைச் சுவாசிக்க வைத்தால், சில நிமிடங்களிலேயே வெள்ளணுக்கள் சிறு சிரைகளின் உட்சுவரில் ஒட்டத் தொடங்குகின்றன. மரபணுக்கள் வேலை செய்து புதுப் புரதம் உருவாக இந்த நேரம் போதாது. நைட்ரிக் ஆக்சைடு குறைவதும், வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுவதும் இதன் காரணங்கள். மெதுவான வழியும் ஒன்று உண்டு: எச்.ஐ.எஃப்-1 வெள்ளணுக்களில் பீட்டா-2 இன்டெக்ரின் என்ற ஒட்டுப் புரதத்தைக் கூட்டுகிறது என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அதே எலிகள் அந்தக் காற்றுக்குச் சில வாரங்கள் பழகிவிட்டால் ஒட்டுதல் தணிந்துவிடுகிறது. ஆகவே கால அளவைச் சொல்லாத முடிவு பாதி முடிவுதான்.

புற்றுக்கட்டியில் நிலைமை தலைகீழ். ஆக்சிஜன் குறைவால் பெருகும் வி.இ.ஜி.எஃப் என்ற வளர்ச்சிக் காரணி, கட்டியின் ரத்தக்குழாய்ச் சுவரில் ஐ.சி.ஏ.எம்-1 போன்ற ஒட்டுப் புரதங்களைக் குறைக்கிறது. பற்றுவதற்கு ஏதுமின்றி டி செல்கள் கட்டியைக் கடந்து போய்விடுகின்றன. அதே கட்டியின் ஆக்சிஜன் குறைந்த பகுதிகளில் மேக்ரோஃபேஜ்களோ திரள்கின்றன. நோயெதிர்ப்பு செல்கள் என்று பொதுப்பெயரிட்டு இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடக்குவது பிழை.

புற்றுச் செல்லிலும் இதே இரட்டைத்தன்மை. ஆக்சிஜன் குறையும்போது டுவிஸ்ட், ஸ்னெய்ல் ஆகிய காரணிகள் வழியே இ-கேடரின் என்ற ஒட்டுப் புரதம் ஒடுங்க, அண்டைச் செல்லோடு இருந்த பிணைப்பு அறுகிறது. மறுபுறம் லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி பெருகிக் கொலாஜன் இழைகளைக் குறுக்கே பிணைக்கிறது. செல் இழைமீது ஊன்றி நகர அது வழிசெய்கிறது. எர்லரும் சக ஆய்வாளர்களும் 2006இல் இந்த நொதியைப் புற்றுப் பரவலோடு இணைத்தனர். 2009இல் அவர்கள் இன்னொன்றையும் காட்டினர்: கட்டி சுரந்த நொதி தொலைவிலுள்ள நுரையீரலில் சேர்ந்து நான்காம் வகைக் கொலாஜனைப் பிணைக்க, எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்த செல்கள் அதில் ஒட்டின, பின்னால் வரும் புற்றுச் செல்களுக்கு அங்கே இடம் தயாரானது.

இந்தக் கண்டுபிடிப்புக்கு உரிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை என்றே கருதுகிறேன். லைசில் ஆக்சிடேஸ் இயங்க ஆக்சிஜன் மூலக்கூறு தேவை. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் பெருகும் நொதி, ஆக்சிஜன் நிறைந்த நுரையீரலில் வேலை செய்வது வேதியியல்படி முற்றிலும் பொருத்தமே. ஒரு செல்லின் பற்றாக்குறை, பற்றாக்குறையே இல்லாத வேறோரிடத்தில் வேறொரு செல்லின் ஒட்டுதலை மாற்றுகிறது. வளர்ப்புத் தட்டில் ஒரே வகைச் செல்லை வைத்து இதை எப்படிக் காண முடியும்? லைசில் ஆக்சிடேஸின் நெருங்கிய உறவு நொதியான எல்.ஓ.எக்ஸ்.எல்-2ஐத் தடுக்கும் சிம்டுசுமாப் மருந்து கணையப் புற்றுநோயாளிகளுக்குப் பலன் தராமல் போனது. ஒரு பிடியை மட்டும் குறிவைக்கும் அணுகுமுறையின் எல்லையை இது உணர்த்துவதாகக் கொள்ளலாம்.

வளர்ப்புத் தட்டுச் சோதனைகளின் ஒப்பீட்டு அடிப்படையும் பழுதானது. செல் வளர்ப்புப் பெட்டியில் ஏறத்தாழ 18.6 விழுக்காடு ஆக்சிஜன் இருக்கிறது. பெரும்பாலான திசுக்களில் 3 முதல் 7 விழுக்காடுதான். அந்த மிகுதியை இயல்பு என்று பெயரிட்டு அதோடு ஒப்பிட்டே கூடியது, குறைந்தது என்கிறோம். தட்டின் அடியிலுள்ள செல்கள் ஊடகத்தின் ஆக்சிஜனை உறிஞ்சிவிடுவதால், பெட்டி காட்டும் எண் செல்லைச் சூழ்ந்த அளவும் அன்று.

எனவே ஒட்டுதல் பற்றிய ஒவ்வோர் ஆய்வறிக்கையும் செல்லருகே அளந்த ஆக்சிஜன் அழுத்தம், அது நீடித்த நேரம், செல் பற்றிய பரப்பு ஆகிய மூன்றையும் தர வேண்டும். இவை இல்லாத முடிவுகளை மதிப்பீட்டாளர்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.