மூவர் தொடங்கிய தொழில்



ஆண்டுகள் பல சென்றபின், ஒருவர் எடுத்த முடிவைத் தவறென்று தீர்ப்புக் கூறுவது எளிது. அம்முடிவை அவர் எடுத்த நாளுக்கே போய் நின்று பார்ப்பதுதான் வரலாறு பயில்வோர் கடமை. இதனை எனக்குக் கற்பித்தவன் என் மாணவன் ஒருவன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்பிலே ஆப்பிள் நிறுவனம் தோன்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1976-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மூவர் ஒரு கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். ஸ்டீவ் ஜாப்ஸுக்கு வயது 21. ஸ்டீவ் வாஸ்னியாக்குக்கு 25. ரொனால்டு வேய்னுக்கு 41. கணிப்பொறியை வடிவமைத்தவர் வாஸ்னியாக். அதனை விற்கத் துணிந்தவர் ஜாப்ஸ். ஒப்பந்தத்தை எழுதியவரும், ஆப்பிள் மரத்தடியில் நியூட்டன் அமர்ந்திருக்கும் முதற் சின்னத்தை வரைந்தவரும் வேய்ன். இளைஞர் ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு 45 பங்கு, வேய்னுக்கு 10. ஏப்ரல் 12-ஆம் நாளே வேய்ன் விலகிவிட்டார். தம் பங்குக்கு அவர் பெற்ற தொகை 800 டாலர். 2018-இல் அந்நிறுவனத்தின் சந்தை மதிப்போ ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியது.

“வேய்ன் அறிவிலிதானே?” என்று கேட்டேன். வகுப்பு முழுதும் சிரித்தது, நானும் சிரித்தேன். அப்போது கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் எழுந்தது: “ஐயா, தொழில் நொடித்துப் போயிருந்தால் கடனை யார் கட்டியிருப்பார்கள்?”

விடை கூற இயலாமல் நின்றேன். வீடு சென்று நூல்களைப் புரட்டினேன். கூட்டு வாணிகத்தில், தொழில் பட்ட கடனுக்கு ஒவ்வொரு பங்காளியின் சொந்தச் சொத்தும் பிணையாகும். கடைக்காரர் ஒருவர் 50 கணிப்பொறிகள் கேட்டிருந்தார். அவற்றுக்கான உறுப்புகளை ஜாப்ஸ் கடனுக்கே வாங்க வேண்டியிருந்தது. இளைஞர் இருவரிடமும் இழப்பதற்குச் சொத்து இல்லை, வேய்னிடம் இருந்தது. முன்பே ஒரு தொழில் தொடங்கித் தோற்றவர் அவர். மறு ஆண்டு ஜனவரியில், மைக் மார்க்குலா என்பவர் முதலீட்டுடன் வந்து சேர, ஆப்பிள் பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனமாகப் பதிவாயிற்று. அதன்பின் பங்குதாரர் எவரும் தாம் இட்ட பணத்துக்குமேல் இழக்க வேண்டியதில்லை. வேய்ன் கையெழுத்திட்ட நாளில் அந்தக் காப்பு இல்லை.

மற்ற இருவர் வாழ்வும் ஒரே நேர்க்கோட்டில் செல்லவில்லை. ஜாப்ஸ் 1985-இல் உட்பூசலால் வெளியேறினார்; நெக்ஸ்ட் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார்; ஆப்பிள் அதனை விலைக்கு வாங்கவே, 1997-இல் மீண்டும் பொறுப்பேற்று, 2011-இல் மறைந்தார். வாஸ்னியாக், 1980-இல் ஆப்பிள் பங்குகள் பொதுச் சந்தைக்கு வந்த காலத்தில், பங்கு கிடைக்கப்பெறாத தொடக்ககால ஊழியர்களுக்குத் தம் பங்கிலிருந்தே பகிர்ந்தளித்தார். பின்னாளில் பள்ளிச் சிறுவர்களுக்குக் கணிப்பொறி கற்பித்தார்.

மறுநாள் வகுப்பில், “நேற்று நான் சிரித்தது தவறு” என்றேன். தலைமையாசிரியன் ஒருவன் மாணவர்முன் அவ்வாறு சொல்வது எளிதன்று. ஆயினும் சொன்னபின் மனம் இலேசாயிற்று. இனி எவரேனும், என்னைப் போன்ற ஆசிரியரே ஆயினும், ஒருவரை அறிவிலி என்று சொல்லி நகைத்தால், அந்தக் கடைசிப் பெஞ்சு மாணவனைப் போல எழுந்து நின்று கேளுங்கள்.