நெகட்டிவில் முடியாத நிறம்

கலர் நெகட்டிவை ஸ்கேன் செய்யத் தொடங்குகிறவர்கள் பலரையும் ஒரு கேள்வி பிடித்துக்கொள்கிறது: இந்த ஃபிலிமின் உண்மையான நிறம் எது? லேபில் வாங்கிய ஸ்கேனில் முகம் ஒரு மாதிரி, வீட்டு ஸ்கேனரில் வேறு மாதிரி. இரண்டில் எதை நம்புவது? அப்படியொரு உண்மையான நிறம் நெகட்டிவுக்குள் என்றைக்கும் இருந்ததில்லை என்பதே அதன் வரலாறு சொல்லும் பதில். 1935-இல் வந்த கோடாக்ரோம் போன்ற ஸ்லைடு ஃபிலிமில், கேமராவுக்குள் ஓடிய சுருளையேதான் கழுவித் திரையில் காட்டுகிறோம். நிறம் அங்கேயே முடிவாகிவிடுகிறது. நெகட்டிவ் வேறு வகை. இன்னொரு தாளில் அச்சாகப்போகிறது என்ற கணக்கில்தான் அதைச் செய்தார்கள். நிறச் சமன் அந்த இரண்டாம் கட்டத்தில் ஒருவர் எடுக்கும் முடிவு. அதை அவருக்கு விட்டுவைக்க வேண்டும் என்று ஃபிலிமைச் செய்தவர்களே தீர்மானித்திருந்தார்கள்.

இதற்கு வலுவான சான்று, நெகட்டிவைக் கையில் எடுத்ததும் கண்ணில் படுகிற ஆரஞ்சு நிறம். 1942-இல் கோடக் முதலில் வெளியிட்ட கோடாகலர் நெகட்டிவில் அது கிடையாது. சாயங்களின் குறையே அதற்குப் பிறகு அந்த ஆரஞ்சைக் கொண்டுவந்தது. மஜெந்தா சாயம் பச்சை ஒளியை மட்டும் தடுக்க வேண்டும். ஆனால் நீலத்தையும் கொஞ்சம் விழுங்கிவிடுகிறது. சயான் சாயம் சிவப்போடு பச்சையையும் நீலத்தையும் தொட்டுவைக்கிறது. பிரிண்டில் நிறங்கள் அழுக்கேறித் தெரிய இதுவே காரணம். கோடக்கின் வேதியியலாளர் வெஸ்லி ஹேன்சன் 1940களில் கண்ட தீர்வு அபாரமானது. மஜெந்தா சாயத்தை உண்டாக்கும் கப்ளருக்கு முன்கூட்டியே மஞ்சள் நிறம் கொடுத்தார். சாயம் உருவாகும் இடத்தில் அந்த மஞ்சள் அழிகிறது, உருவாகாத இடத்தில் அப்படியே தங்குகிறது. ஆகவே நீல ஒளிக்கு நேரும் வேண்டாத தடை, படம் முழுவதும் ஒரே அளவாகிவிடுகிறது. சயான் அடுக்கின் கப்ளருக்கும் இதே முறையில் சிவப்புச் சாயல். இரண்டும் சேர்ந்ததுதான் நாம் காணும் ஆரஞ்சு. ஹேன்சன் குறையை நீக்கவில்லை, அதைச் சீராக்கினார். சீரான குறையைப் பிரிண்ட் போடுபவர் ஃபில்டரால் கழித்துவிட முடியும். அடுத்த கை ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கை இல்லாமல் ஒரு ஃபிலிமை இப்படி ஆரஞ்சில் தோய்த்து விற்றிருக்க முடியாது.

அந்த அடுத்த கை யாருடையது? தொடக்கத்தில் அமெரிக்காவில் அது கோடக்கின் கைதான்; சுருளின் விலையிலேயே கழுவும் கூலியும் சேர்ந்திருந்தது. நீதித்துறை தொடுத்த வழக்கின் முடிவில், 1954-இல் கோடக் அந்தக் கட்டை அவிழ்க்க ஒப்புக்கொண்டது. நிறத்தைத் தீர்மானிக்கும் வேலை தனி லேப்களுக்கும் பரவியது. ஆயிரக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த ஆளுக்கு எங்கே போவது? கோடக்கின் ரால்ஃப் எவன்ஸ் 1951-இல் பெற்ற காப்புரிமை அதற்கு வழி செய்தது: படத்திலுள்ள எல்லா நிறங்களையும் கலந்து சராசரி எடுத்தால் சாம்பல் வர வேண்டும், வராவிட்டால் வரும்வரை ஒளியைத் திருத்து. பெரும்பாலான படங்களுக்கு இது பொருந்தியது. ஆனால் அரக்குச் சிவப்புப் பட்டு ஃப்ரேமை நிறைக்கும் ஒரு மணப்பெண் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மிகுந்துவிட்டதாக இயந்திரம் நினைக்கிறது. எதிர் நிறமான சயானைக் கூட்டுகிறது. பட்டு மங்குகிறது, மஞ்சள் பூசிய முகம் பச்சை பாய்ந்து நிற்கிறது. நெகட்டிவில் பிழையே இல்லை. இன்னொரு அளவுகோல் லேப்களுக்குக் கோடக் அனுப்பிய ஷெர்லி அட்டை: அதில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். அவர் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கொள்ளப்பட்டது. பல நிறத்தவரைச் சேர்த்த அட்டை வர 1990கள் ஆயிற்று. எந்த முகத்தை நடுவில் வைப்பது என்பதை வேதியியல் சொல்லித் தராது. அது மனிதர்கள் எடுத்த முடிவு, நெடுநாள் அநியாயமாக எடுத்த முடிவு.

சினிமாக்காரர்களுக்கு இதில் குழப்பமே இருந்ததில்லை. 1950-இல் ஈஸ்ட்மன் கலர் நெகட்டிவ் வந்தபின், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 1 முதல் 50 வரை எண் கொடுத்து ஷாட் ஷாட்டாக நிறம் பார்க்கும் முறை லேப்களில் நிலைத்தது. ‘காதலிக்க நேரமில்லை’ 1964-இல் ஈஸ்ட்மன் கலரில் வந்தபோது ரசிகர்கள் பார்த்த நிறமும் பிரிண்டில் முடிவான நிறம்தான்.

அப்படியானால் ஃபிலிமுக்கென்று குணமே இல்லையா என்று கேட்கலாம். 1998-இல் வந்த போர்ட்ராவும் 2008-இல் வந்த எக்டார் 100-உம் ஒன்றுபோல் இல்லையே? நியாயமான கேள்வி. செறிவு, மாறுபாடு, ஒரு நிறத்தை அடுத்த நிறத்திலிருந்து பிரித்துக் காட்டும் விதம் ஆகியவை ஃபிலிமுக்குள் இருக்கின்றன; ஸ்கேனர் அவற்றை உண்டாக்குவதில்லை. ஆனால் படம் மொத்தமும் மஞ்சளுக்குச் சாய்வதா நீலத்துக்குச் சாய்வதா என்பது அந்தக் குணத்தில் அடங்காது. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: எல்லாம் பின்னால் திருத்தக்கூடியதென்றால், எடுக்கும்போது கவனம் எதற்கு? இங்கே நெகட்டிவ் கறாரானது. ஒளி போதாமல் எடுத்தால் நிழற்பகுதிகளில் மூன்று அடுக்குகளும் ஒன்றோடொன்று ஒத்து நடப்பதில்லை. நிழல் ஒரு நிறத்துக்கும் வெளிச்சப் பகுதி அதன் எதிர் நிறத்துக்கும் விலகிப் போகும். ஒரு பக்கம் சரிசெய்தால் மறுபக்கம் கெடும். பகல் ஒளிக்கான ஃபிலிமைக் குண்டு பல்பு வெளிச்சத்தில் ஓட்டினால் முதலில் பட்டினி கிடப்பது நீல அடுக்கு. ஒரு ஸ்டாப் தாராளமாகக் கொடுத்து எடு என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். பின்னால் முடிவெடுக்கப்போகிறவருக்கு முடிவெடுக்க ஏதாவது மிஞ்ச வேண்டுமே.

1996-இல் ஃபியூஜி ஃப்ரன்டியர் வந்து நெகட்டிவை ஸ்கேன் செய்து லேசரால் தாளில் பதித்தபோது, முடிவெடுக்கும் இடம் ஃபில்டரிலிருந்து மென்பொருளுக்கு நகர்ந்தது. இன்று இளைஞர்கள் தேடி விரும்பும் ‘ஃபிலிம் நிறம்’ பலநேரம் அந்த இயந்திரத்தின் தீர்ப்புதான். ஆட்டோ பொத்தானை அழுத்தும்போது எவன்ஸின் சராசரிக் கணக்கின் வழித்தோன்றல் ஒன்றுதான் பெரும்பாலும் ஓடுகிறது. அதை நிறுத்திவிட்டு, ஃப்ரேம்களுக்கு இடையே உள்ள, ஒளி படாத ஆரஞ்சுப் பட்டையை முதலில் அளக்க வேண்டும். அந்தப் பட்டையில் நீல ஒளி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் ஊடுருவும்; ஆகவே ஸ்கேனர் இடம் கொடுத்தால் நீலத்துக்கு அதிக நேரம் ஒதுக்குவது நல்லது, இல்லாவிட்டால் அந்தச் சேனலில் புள்ளிகள் இரையும். ஒவ்வொரு சேனலையும் பட்டையின் அளவால் வகுத்தால் ஹேன்சன் போட்ட ஆரஞ்சு விலகிவிடும். பிறகு ஒரே வெளிச்சத்தில் எடுத்த ஃப்ரேம்களில் சாம்பல் அட்டையோ நன்கு தெரிந்த ஒரு முகமோ உள்ள ஒன்றில் சமனைப் பிடித்து, அதே அளவை மற்றவற்றுக்கும் மாற்றாமல் வைத்தால் போதும். அரக்குப் பட்டு அரக்காகவே வரும்.