மதிலேறிய விளக்கு

புதுவீடு கட்டுகிறவர்கள் கடைசியாக யோசிப்பது காம்பவுண்டு விளக்கைத்தான். பால் காய்ச்ச நாள் குறித்து, பெயின்ட் அடித்து முடித்த பிறகு போன் வரும். “அண்ணாச்சி, கேட் தூணு ரெண்டுலயும் உருண்டை லைட் ஒண்ணு மாட்டிருங்க” என்பார்கள். திருநெல்வேலியில் பெருமாள்புரம், மகாராஜநகர்ப் பக்கம் வயரிங் வேலை பார்த்தே தலை நரைத்தவன் நான். கேட்டபடி மாட்டிக் கொடுத்துவிடுவேன். ஆனால் மனசு ஒப்பாது. தாமிரபரணிக்கரைக்காரனுக்கு வாசலில் விளக்கு வைக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மின்சாரம் வந்த வேகத்தில் கைவிட்டுவிட்ட வித்தை அது.

கல்லிடைக்குறிச்சி, ஆழ்வார்குறிச்சி மாதிரி ஊர்களில் இடிக்காமல் விட்ட பழைய வீடு எதையாவது போய்ப் பாருங்கள். தலைவாசல் நிலைக்கு இரண்டு பக்கமும் திண்ணைச் சுவரில் மாடக்குழி இருக்கும். ஒரு சாண் ஆழம், மேலே சின்ன வளைவு, கீழே அகல் ஆடாமல் உட்காரச் சமதளம். உள்ளே விரலால் தடவினால் காரை எண்ணெய் குடித்து வழுவழுவென்று கிடக்கும். வளைவின் உச்சியில் மட்டும் கரி அப்பியிருக்கும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று துணி காயப்போட்ட கொடியையே அறுத்துவிடும். அந்தக் காற்றுக்கும் சுடர் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றுதான் குழி. அதோடு இன்னொரு லாபமும் கிடைத்தது. சுடர் உள்வாங்கி நிற்பதால் தெருவில் வருகிறவர் கண் கூசாது. சுண்ணாம்புச் சுவரில் பட்டு, மெதுவாகப் படியில் வந்து விழும். படி தெரியும், வருகிற ஆளின் முகம் தெரியும், விளக்கு மட்டும் துருத்திக்கொண்டு தெரியாது.

எண்ணெய் அன்றைக்கு மலிவில்லை. கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள் விட்டார்கள் என்று சோழர் கல்வெட்டுகள் சொல்கின்றன. மந்தை குறையாது, கிழடாகாது என்ற கணக்கில் ‘சாவா மூவாப் பேராடு’ என்றே எழுதினார்கள். அதற்கு ஈடாக நாளுக்கு ஓர் உழக்கு நெய் வந்து சேர வேண்டும். ஒரு சுடருக்கு ஒரு மந்தை என்றால், அந்தச் சுடரை எங்கே வைப்பது என்று யோசிக்காமலா இருந்திருப்பார்கள்?

வாசலைத் தாண்டித் தோட்டம், தூண் என்று பேசினால் எனக்கு நெல்லையப்பர் கோயில்தான் ஞாபகம் வரும். சுவாமி கோயிலையும் காந்திமதியம்மன் கோயிலையும் இணைக்கும் சங்கிலி மண்டபத்தை 1647இல் வடமலையப்ப பிள்ளையன் கட்டினார். 1756இல் திருவேங்கடகிருஷ்ண முதலியார் நந்தவனம் அமைத்தார். அதற்குள்தான் நூறு தூண் வசந்த மண்டபம். தை அமாவாசைக்குப் பத்ர தீபம் என்று பிரகாரமெல்லாம் அகல் ஏற்றுகிறார்கள். ஆறு வருஷத்துக்கு ஒருமுறை அது லட்ச தீபமாகும்.

அமாவாசை இருட்டில் போய் நின்று பார்த்தால்தான் சங்கதி விளங்கும். ஒரு அகலின் வெளிச்சம் ஒரு முழத்துக்கு மேல் போகாது. ஆனால் வரிசையாகத் தாழ வைக்கும்போது, வெளிச்சம் கல்தூணில் கீழிருந்து மேலாக ஏறும். சிற்பத்தின் மூக்கும் விரலும் அப்போதுதான் எழுந்து நிற்கும். அதே தூணுக்கு நேர் எதிரே ஒரு போகஸ் லைட்டைத் திருப்பிவையுங்கள். தூண் தட்டையாகிவிடும்.

பாபநாசத்துத் தண்ணீர் 1880களிலேயே ஹார்வி மில்லைச் சுழற்றியது. 1944இல் அங்கே நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. ஊர்வலத்துக்குத் தலையில் சுமந்த கியாஸ் லைட்டெல்லாம் மெல்ல மெல்ல மூலைக்குப் போனது. வீடுகளில் மாடக்குழி தீப்பெட்டியும் சாவியும் வைக்கிற இடமாகி, அப்புறம் அடைத்துப் பூசப்பட்டது. விளக்கு மதிலேறியது. முதலில் குண்டு பல்பு, பிறகு கேட்டுக்கு மேலே டியூப்லைட், இப்போது உருண்டை. வெளிச்சம் எவ்வளவுக்குக் கண்ணில் அடிக்கிறதோ அவ்வளவுக்குக் கௌரவம் என்று ஒரு எண்ணம். ராத்திரி அந்த வாசலில் நின்று பாருங்கள், கேட்டுக்கு வெளியே நிற்பது ஆளா மாடா என்று தெரியாது. ஐப்பசி மழையில் வெள்ளை லைட்டைத் தேடி வருகிற ஈசலைக் கூட்டி அள்ளுவது வீட்டம்மா பாடு.

கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது சுருக்கம்தான். தூணின் தலையில் விளக்கு வேண்டாம். இடுப்பு உயரத்தில், மேலே மூடி வைத்த, கீழ்நோக்கி அடிக்கிற விளக்காகப் பாருங்கள். 3 வாட், மிஞ்சினால் 5 வாட் எல்இடி போதும். நிறம் 2700 அல்லது 3000 கெல்வின், அதாவது அகல் சாயல். மதிலுக்கு விளக்கே வேண்டுமென்பதில்லை. பக்கத்தில் வேம்போ செம்பருத்தியோ இருந்தால் அதன் நிழல் மதிலில் விழுகிற மாதிரி ஒரு விளக்கு போதும்.

தரையில் புதைக்கிற விளக்கு மட்டும் ஆற்றோர வீடுகளுக்குக் கூடவே கூடாது. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது இங்கே வண்ணார்பேட்டையிலும் மீனாட்சிபுரத்திலும் ஆறு வீட்டுக்குள் வந்தது. அந்தத் தண்ணீரில், தண்ணீர் புகாது என்று சொல்கிற ஐபி ரேட்டிங்கை நம்ப முடியாது. வெளி விளக்குக்குத் தனி லைன் இழுத்து, மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டு, ஸ்விட்சை மாடிப்படி உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டால் வெள்ளம் வருகிறபோது நிறுத்திவிடலாம்.

இதையெல்லாம் பெயின்ட் அடித்த பிறகு செய்ய முடியாது. மதிலில் குழி விடவும் தூணுக்குள் பைப் இறக்கவும் கொத்தனார் சாரம் கட்டி நிற்கும்போதே சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுப் பூச்சு வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லையென்றால், எலெக்ட்ரீசியனை இந்த வாரமே கூப்பிடுங்கள்.