தடிக்காத தோல்

தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவரின் நோய் எதிர்ப்புச் சக்தி தளர்வதைப் புதுக் கண்டுபிடிப்பு போலப் பேசுகிறார்கள். தடயம் நூறாண்டுக்கு முன்பே தோலில் இருந்தது. வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்க்கே 1907இல், காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த ட்யூபர்குலினைத் தோலில் சோதித்தார்: முன்கையை லேசாகக் கீறி, மருந்துத் துளி வைத்து, ஓரிரு நாள் கழித்துப் பார்ப்பது. காசநோய்க் கிருமியோடு பழகிய உடம்பென்றால் கீறிய இடம் சிவந்து தடிக்கும். அப்படித் தடித்த பிள்ளைகளுக்கே தட்டம்மை கண்டபோது சில நாள் தடிக்கவில்லை என்று 1908இல் எழுதினார். கிருமி உள்ளேதான் இருந்தது, காவல்தான் ஓய்ந்திருந்தது.

1970களில் மான்ட்ரியலில் மக்லீன், மீகின்ஸ் ஆகிய அறுவை மருத்துவர்கள் தம் நோயாளிகளிடமும் விபத்தில் அடிபட்டவர்களிடமும் இத்தகைய தோல் சோதனையை விரிவாகச் செய்தார்கள். காசநோய், பொன்னுக்கு வீங்கி, கேண்டிடாப் பூஞ்சை என்று பலருடைய உடம்புக்கும் முன்பே பரிச்சயமான கிருமிகளின் பொருள்களை ஊசியால் தோலுக்குள் செலுத்தினார்கள். எதற்குமே தடிக்காதவர்களிடையே, கிருமித்தொற்று முற்றி உறுப்புகளைப் பழுதாக்கும் செப்சிஸும் சாவும் மிக அதிகம். பட்டினியாலும் ஸ்டீராய்டாலும்கூடத் தடிப்பு வராமல் போகுமே என்ற மறுப்பில் நியாயம் உண்டு. விடை தெரிய இரண்டு நாள் வேறு ஆகும். ஐசியு கணக்கில் அது ஒரு யுகம். ஒரு தனி நோயாளிக்கு இதை வைத்துத் தீர்ப்பெழுத முடியாதுதான். ஆனால் பட்டினியால் ஓய்ந்தாலும் மருந்தால் ஓய்ந்தாலும் ஓய்ந்தது ஓய்ந்ததுதானே? அளவுகோல் மழுங்கல் என்பது வேறு, அளக்க எதுவுமில்லை என்பது வேறு.

இரண்டையும் குழப்பிக்கொண்டதில்தான் காலம் போயிற்று. காய்ச்சல் தானே தெரியும். வராத தடிப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். செப்சிஸ் என்றால் எதிர்ப்பு அளவுமீறிக் கொதிப்பது என்று கொண்டு, அதை அடக்கும் மருந்துகளையே 1980, 90களில் சோதித்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. அடங்கிப்போவதும் இந்நோயின் ஒரு முகமே என்று 1996இல் மருத்துவர் ரோஜர் போன் எழுதினார். 2011இல் அமெரிக்க ஆய்வாளர்கள், செப்சிஸில் இறந்த 40 பேரின் மண்ணீரல் செல்களைச் சில மணி நேரத்துக்குள் எடுத்துக் கிருமிப் பொருளால் தூண்டினார்கள். அவை சுரந்த சைட்டோகைன் (எதிர்ப்புச் செல்களின் சேதிப் பொருள்), ஒப்பீட்டுக்கு எடுத்தவர்களுடையதில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2016இன் புதிய வரையறை, செப்சிஸைத் தடம்புரண்ட எதிர்வினை என்றே சொல்கிறது. அதற்கான மதிப்பெண் தாளில் நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், ரத்த அழுத்தம், தட்டணுக்கள், சுயநினைவு என்று ஆறு கட்டங்கள். எதிர்ப்புச் சக்திக்கு ஒன்றுமில்லை.